எனக்குத் தெரிந்த மொழியில் எழுதியது

விஷுவல் பேசிக் மோசமான கம்ப்யூட்டர் மொழி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையை நான் சொல்லக் கேட்ட ஓரிருவர் அந்த மொழியின் மேல் பழியைப் போட்டு என்னை விட்டுவிடப் பார்த்தார்கள். திரையில் நான்கு பெட்டியும் இரண்டு பொத்தானும் ஒரு பட்டியலும் வேண்டுமென்றால் அன்றைக்கு அதைவிடக் கைக்கு அடக்கமான மொழி கிடையாது. கிடங்கில் எந்தச் சாமான் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேட ஃபாக்ஸ்புரோ என்ற மொழி போதும். இளமையில் ஒரு நூற்பாலைக்காக நான் கோபோல் என்ற பழைய மொழியில் எழுதிய நிரல்கள் நான் அங்கிருந்து வந்த பிறகும் பல வருடம் ஓடின. எந்த மொழிக்கும் அதற்கென்று ஒரு வேலை உண்டு. நான் வேலையைப் பார்த்து மொழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. என்னைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பயந்துபோய்த் தேர்ந்தெடுத்தேன்.

அந்தப் பயம் சென்னையில் ஆரம்பித்தது. துபாயில், அல் குசைஸில் ஒரு கிடங்கில் எட்டு வருடம் ஃபாக்ஸ்புரோவில் வேலை பார்த்துவிட்டு, அந்தக் கம்பெனி மூடப்பட்டதும் ஊர் திரும்பியிருந்தேன். வயது ஐம்பத்தொன்று. கணிதத்தில் முதுகலைப் பட்டம். மூத்த மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு, இளையவள் பிளஸ் டூ. சவூதிக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் என் பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“மூணு மொழிதான் போட்டிருக்கீங்க. இத வச்சிக்கிட்டு எங்க சார் அனுப்புறது? ஏழு மொழியாவது இருக்கணும்.”

“எனக்கு மூணுதான் தெரியும்.”

“தெரிஞ்சத மட்டும் எழுதுறதுக்கு இது என்ன சத்தியப் பிரமாணமா? சி, ஜாவா, ஆரக்கிள்னு சேத்துக்கலாம். எல்லாரும் செய்யறதுதான். அங்க போனப்புறம் எவன் சார் பரீட்சை வைக்கப்போறான்?”

அவர் பொய் சொல்லவில்லை. எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். அந்த அறையில் என்னோடு காத்திருந்தவர்களின் தாள்களிலும் அதே வரி, அதே வரிசையில் இருந்தது. நேர்முகத் தேர்வில் கண்ணாடி போட்ட ஒருவர் “சி வருமா?” என்று மட்டும் கேட்டார். வரும் என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சவூதியில், அல் கோபாரில் எங்கள் கம்பெனியின் தொழில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுத்தம் செய்வது. ஒரு தொட்டி ஒரு கல்யாண மண்டபத்தின் அளவு இருக்கும். எண்ணெயை வடித்த பிறகு அடியில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புச் சகதி தேங்கிக் கிடக்கும். ஆட்கள் பக்கவாட்டு ஓட்டை வழியாக உள்ளே குனிந்து போய் அதை மண்வெட்டியால் வாரி வெளியே தள்ள வேண்டும். சகதியைக் கிளறும்போது ஒரு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் நாற்றமே தெரியாது; மூக்கு முதலில் செத்துவிடும். பிறகு ஆள். இதை எனக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் அது தெரிந்தேதான் எழுதினேன்.

எனக்கு அறை கொடுத்த இடத்தில் இன்னொருவரும் இருந்தார். குமரி மாவட்டக் கடற்கரைக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், கருவிகளைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். ஊரில் விசைப்படகுகளின் மீன் தேடும் கருவிகளைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவர். டிப்ளமோ ஒன்றும் வைத்திருந்தார், ஆனால் அதைப் பற்றிப் பேச மாட்டார். வெள்ளிக்கிழமை மீன் குழம்பு வைப்பார், எனக்கும் சேர்த்து. என்னை அண்ணே என்றார், நான் தம்பி என்றேன்.

சேர்ந்து ஐந்தாறு மாதத்தில் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் ஹைதராபாத்காரர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். தொட்டிக்குள் நான்கு இடத்தில் வாயுவை அளக்கும் கருவிகள் வைக்க வேண்டும், அளவு வெளியே ஒரு கேபினில் இருக்கும் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும், பத்தைத் தாண்டினால் ஹூட்டர் அலற வேண்டும், வேலை தொடங்கும் முன் ஆட்கள் உள்ளே இறங்க அனுமதிக்கும் பர்மிட்டுக்கு ரிப்போர்ட் அச்சிட வேண்டும். “ஜல்தி பாய், கிளையன்ட் கேட்கிறான்” என்றார். கருவியும் வயரும் தம்பியுடைய பொறுப்பு. நிரல் என்னுடையது.

அன்று மாலை அறையில் தம்பி ஒரு சிறிய பச்சைப் பலகையைக் கட்டில் மேல் வைத்தார். நான்கு கருவிகளின் வயரும் அதில் வந்து சேரும். அதிலிருந்து ஒரே ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும்.

“அண்ணே, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. இந்தப் பலகையிலேயே ஒரு சிப்பு இருக்கு. ஹூட்டர் அடிக்கணுமா வேண்டாமான்னு இதுவே பாக்கட்டும். சி-ல ஒரு சின்ன புரோகிராம் போதும். கம்ப்யூட்டர் காட்டுறதும் ரிப்போர்ட் அடிக்கிறதும் மட்டும் செய்யட்டும், அதுக்கு ஒங்க விஷுவல் பேசிக்கு.”

“ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா நல்லதுதானே?”

“பைப்புல வெள்ளம் வருதான்னு பாக்க ஒருத்தன நிறுத்தியாச்சு. அவனயே கூப்பிட்டு டீ வாங்கிட்டு வா, கணக்கு எழுதுன்னு சொன்னா, பைப்ப ஆரு பாப்பா?”

அவர் சொன்னது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. வாயு எவ்வளவு என்று கருவியை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய வேலைக்குச் சிறிய, வேறு எதையும் செய்யாத நிரல் வேண்டும். அதைச் சிப்புக்கு அருகில் நிற்கும் மொழியில்தான் எழுத வேண்டும். அழகான படிவமும் அச்சும் வேண்டுமென்றால் அதற்கு வேறு மொழி. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆனால் சி மொழியில் எனக்கு ஒரு வரி எழுத வராது. என் பயோடேட்டாவில் அது நான்காவதாக இருந்தது. என் பாஸ்போர்ட் எனக்கு விசா கொடுத்த கஃபீலின் அலமாரியில் இருந்தது. மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று, எழுது பார்க்கலாம் என்று சொல்வதுபோல அப்போதெல்லாம் எனக்கு அடிக்கடி தோன்றும். அலுவலகத்தில் யாராவது “ஒரு நிமிஷம் வாங்க” என்றால் அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பேன்.

ஒரு வாரத்தில் தம்பியே அந்தச் சிறிய நிரலை எழுதி ஒரு ஃபிளாப்பியில் போட்டுக் கொண்டுவந்தார். நாற்பது வரிதான், பார்த்துச் சரிசெய்து கொடுங்கள் என்றார். அதைச் சரிபார்க்க எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. மேனேஜரிடம் போய், இரண்டு மொழியில் எழுதினால் பின்னால் பராமரிப்பது தொல்லை, டெக்னீஷியன் எழுதிய நிரலுக்கு நான் எப்படிப் பொறுப்பேற்பது என்றேன். கேட்பதற்கு நியாயமாக இருந்தது. அவர் “அச்சா, எல்லாம் ஒன்றிலேயே செய்யுங்கள்” என்றார். தம்பி அதைக் கேட்டுவிட்டு ஃபிளாப்பியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். “ஒங்க இஷ்டம் அண்ணே, நீங்க பெரிய படிப்பு படிச்சவரு” என்றார். அதில் கிண்டல் இருந்ததா என்று இன்றைக்கும் தெரியாது.

விஷுவல் பேசிக்கில் எழுதினேன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் மாறும் பெட்டிகள். தொட்டிக்குச் சொந்தமான கிளையன்ட் கம்பெனியார் பார்த்துவிட்டுப் பாராட்டினார்கள்.

இரண்டாம் மாதத்தில்தான் தம்பி அதைக் கவனித்தார். ரிப்போர்ட் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு மணற்கடிகாரம் வரும். அது இருக்கும்வரை நான்கு பெட்டிகளிலும் எண்கள் மாறாமல் நின்றன.

“அண்ணே, அது சுத்தும்போது நம்பர் அசையலியே. புரோகிராம் கேக்குதா இல்லியா?”

“திரையில மாறாது. உள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கும்.”

அது பொய். உள்ளே எதுவும் ஓடவில்லை. நான் எழுதிய விதத்தில் அந்த நிரலால் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்ய முடியும். ரிப்போர்ட்டுக்காகப் பழைய எண்களை எல்லாம் வாசித்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போது அது வாயுவின் அளவைக் கேட்காது. நடுநடுவே நின்று மற்றதையும் கவனித்துக்கொள் என்று சொல்லும் ஒரு வரி அந்த மொழியில் உண்டு. அதைப் போட்டுப் பார்த்தேன். எழுதுவதும் வாசிப்பதும் ஒரே கோப்பில் மோதிக்கொண்டு நிரல் அப்படியே விழுந்துவிட்டது. அந்த வரியை எடுத்துவிட்டேன். முதலில் ரிப்போர்ட்டுக்கு அரை நிமிடம்தானே ஆகிறது, அரை நிமிடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் நொடிக்கு ஒரு முறை அளவு சேர்ந்துகொண்டே போனது. அரை நிமிடம் ஒரு நிமிடம் ஆனது, இரண்டானது. மூன்று பிரதி வேண்டும், ஒன்று கிளையன்ட்டுக்கு, ஒன்று பர்மிட்டோடு ஒட்ட, ஒன்று ஃபைலுக்கு. ஒவ்வொரு பிரதிக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து கூட்டும்படி நான் எழுதியிருந்தேன்.

இதில் இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. விதிப்படி ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் ஆட்கள் உள்ளே இறங்க வேண்டும். ஆனால் மூன்று பிரதிக்கும் காத்திருந்தால் வெயில் ஏறிவிடும். முதல் பிரதி பிரின்டரில் தலைகாட்டியதுமே சூப்பர்வைசர் கையைத் தட்டி “யல்லா, யல்லா” என்பார். ஆட்கள் போய்விடுவார்கள். ஆக, நிரல் கேட்காமல் இருக்கும் நேரமும் ஆட்கள் உள்ளே நுழைந்து முதல் மண்வெட்டியைச் சகதியில் போடும் நேரமும் ஒன்றாகிவிட்டன. இதை நான் காகிதத்தில் எழுதிப் பார்த்தது ஒரு வியாழக்கிழமை. எழுதிய காகிதத்தைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விட்டேன். அதன்பின் தினமும் காலை ஏழு மணிக்கு, சைட்டில் வேலை தொடங்கும் நேரத்தில், அலுவலகத்தில் உட்கார்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏழரைக்குப் பிறகுதான் டீயைத் தொடுவேன்.

ரிப்போர்ட் மெதுவாக வருகிறது என்று சூப்பர்வைசர் புகார் கொடுத்தார். பார்த்துவிட்டு வா என்று மேனேஜர் என்னை அனுப்பினார். அன்று காலை நான் கேபினில் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சூப்பர்வைசர் பாகிஸ்தான்காரர், என் பக்கத்தில் நின்றார். பொத்தானை அழுத்தினேன். மணற்கடிகாரம் வந்தது. முதல் பிரதி மெல்ல நகரத் தொடங்கியது.

இறங்கும் குழுவின் மேஸ்திரி ராமநாதபுரம் பக்கத்து ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும். நான் சைட்டுக்குப் போகும்போதெல்லாம் கேபின் ஜன்னலில் முகத்தை வைத்து ஏதாவது சொல்வார். அன்றும் வந்தார்.

“என்ன சார், ஒங்க டிவில இன்னைக்கு என்ன படம்?”

“வேலை நடக்குது.”

“நாலு பொட்டிலயும் ரெண்டு ரெண்டுன்னு நிக்குது. நல்ல நம்பர்தானே? போலாமா சார்?”

அது ஒரு நிமிடத்துக்கு முந்தைய இரண்டு. இப்போது எவ்வளவு என்று எனக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. இரு, முழுசா முடியட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் பக்கத்தில் நிற்பவர் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்கு என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான். சூப்பர்வைசர் பர்மிட்டில் கையெழுத்துப் போட்டு ஜன்னல் வழியே நீட்டினார். மேஸ்திரி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தலையை ஆட்டினேன்.

அவர் கழுத்தில் தொங்கிய வடிகட்டி மாஸ்க்கை மேலே ஏற்றி இரண்டு வாரையும் பின்னால் இழுத்து இறுக்கிக்கொண்டு போனார். இன்னொருவர் அவருக்குப் பின்னால் போனார்.

அதன்பிறகு அந்தக் கேபினில் நான் இருந்ததை எப்படிச் சொல்வது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டாவது பிரதி தொடங்கியது. பிளக்கைப் பிடுங்கி எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்று கை மேசைக்கு அடியில் போய்விட்டுத் திரும்பி வந்தது. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை, இன்றும் ஆகாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். சூப்பர்வைசர், “மெதுவாகத்தான் இருக்கிறது, பார்த்தீர்களா பாய்” என்றார். மூன்றாவது பிரதி பாதியில் இருக்கும்போது தொட்டியின் இரும்புச் சுவரில் யாரோ எதனாலோ அடிக்கும் சத்தம் கேட்டது. மூன்று அடி. பிறகு ஓட்டை வாயிலில் கயிற்றைப் பிடித்து நின்றிருந்தவன் கத்தினான்.

நான் வெளியே ஓடியபோது, தொட்டியின் ஏணியில் வயர் கட்டிக்கொண்டிருந்த தம்பி பாதியிலிருந்தே குதித்து வந்து கயிற்றைப் பிடித்திருந்தார். பின்னால் போனவர் தானாகவே தவழ்ந்து வந்து மண்ணில் வாந்தி எடுத்தார். மேஸ்திரியைக் கயிற்றோடு இழுத்துக் கிடத்தினார்கள். முகம் சாம்பல் நிறமாக இருந்தது, கண் பாதி திறந்திருந்தது. தம்பி அவர் மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டு ஆக்சிஜன் உருளைக்குக் கத்தினார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் கேபினில் மூன்றாவது பிரதி முடிந்திருக்க வேண்டும். தலைக்கு மேலே ஹூட்டர் அலறத் தொடங்கியது. எல்லாரும் நிமிர்ந்து அதைப் பார்த்தார்கள். தம்பி அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

மேஸ்திரி சாகவில்லை. மூன்றாம் நாள் கண் விழித்தார் என்றார்கள். அன்றே விசாரணை. கிளையன்ட்டின் பாதுகாப்பு அதிகாரி என் கோப்பிலிருந்து எண்களை அச்சிட்டு வைத்திருந்தார். அதில் ஆறு நிமிடம் வெறுமையாக இருந்தது. இரண்டு, இரண்டு, இரண்டு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு எழுபத்து நான்கு.

“இந்த இடைவெளி எதனால்?” என்று கேட்டார்.

மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. யோசித்துச் செய்த பாவம் என்றால்கூட ஒரு கணக்கு இருந்திருக்கும். “லூஸ் கனெக்‌ஷன் சார்” என்று வாய் சொன்னது. பலகையிலிருந்து வரும் அந்த ஒரே கேபிளின் பிளக் ஆடுகிறது, நான் தொட்டுப் பார்த்தேன் என்றேன். கேபிள் கழன்றாலும் கோப்பில் அதே வெறுமைதான் விழும். யாராலும் மறுக்க முடியாது. அந்தப் பிளக்கைச் சால்டர் வைத்துப் பற்றவைத்தவர் தம்பி.

அறிக்கையில் இரண்டு காரணம் எழுதினார்கள். ஒன்று, பிளக்கைச் சரியாகப் பொருத்தாத டெக்னீஷியன். இரண்டாவது, மாஸ்க்கைச் சரியாக அணியாத தொழிலாளி. அந்த இரண்டாவதை யார் சேர்த்தார்கள் என்று தெரியாது, எந்த விபத்திலும் வழக்கமாக எழுதும் வரி அது. உண்மையில் அந்த மாஸ்க் அத்தனை வாயுவைத் தாங்காது. அவர் வாரை இழுத்து இறுக்கியதை நான் ஜன்னலில் பார்த்தேன். அதையும் சொல்லவில்லை.

தம்பியை வேலையிலிருந்து நீக்கினார்கள்; ஊருக்கு அனுப்பும் ஃபைனல் எக்ஸிட் முத்திரை அடிக்கப் பத்து நாள் ஆனது. பத்து நாளும் அதே அறை, எதிரெதிர்க் கட்டில். அவர் தூங்கிவிட்டாரா என்று மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வழக்கம்போல இருவருக்கும் குழம்பு வைத்தார். நான் சோற்றைத் தட்டில் ஒதுக்கினேன். “உப்பு கூடிப்போச்சா?” என்றார்.

கிளம்பும் நாள் மதியம் பெட்டியைக் கட்டிவிட்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, அந்தப் பிளக்க நீங்க தொட்டுப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“ஆடிச்சா?”

“ஆடுச்சு.”

“செரி.”

பைக்குள்ளிருந்து அந்த ஃபிளாப்பியை எடுத்து என் தலையணை மேல் வைத்தார்.

“நம்ம ஜுபைல் சைட்லயும் ஒங்க புரோகிராம்தான் ஓடுது. அங்கயும் ஆளு இறங்குதான். இதப் போட்டுருங்க. ஒங்களுக்கு சி வராதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும். வராதுன்னு சொல்லியிருந்தா நான் சொல்லித் தந்திருப்பேன்லா.”

வண்டி வந்தது. போய்விட்டார்.

ஜுபைலுக்குத் தொலைபேசியில் பேசி, ஆட்கள் உள்ளே இருக்கும்போது ரிப்போர்ட் அடிக்காதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்டதற்கு, பிரின்டர் சூடாகிறது என்றேன். அங்கும் ஒரு பொய்தான், ஆனால் அந்தப் பொய்யால் யாருக்கும் தீங்கு வரவில்லை. கோபார் புத்தகக் கடையில் சி மொழிக்கு ஒரு புத்தகம் வாங்கி, செய்தித்தாள் அட்டை போட்டு மறைத்துப் படித்தேன். அந்த நாற்பது வரி எனக்குப் புரிய ஐந்து வாரம் ஆனது. புரிந்ததும் அதில் திருத்த ஒன்றுமில்லை என்று தெரிந்தது. புதிதாக வந்த டெக்னீஷியனை வைத்துப் பலகையில் ஏற்றினேன். சோதனை வாயு உருளையைக் கருவியின் வாயில் வைத்துத் திறந்துவிட்டு, ரிப்போர்ட் பொத்தானை அழுத்தினேன். திரையில் எண்கள் அசையவில்லை, மணற்கடிகாரம்தான் இருந்தது. அதற்கு நடுவிலேயே ஹூட்டர் அலறியது. பக்கத்தில் இருந்தவன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நான் பட்டறைக்குப் பின்னால் போய்விட்டேன்.

மேனேஜர் பாராட்டுக் கடிதம் கொடுத்தார். என் பெயரில். மேலும் ஆறு வருடம் அங்கே இருந்தேன். என் சி மொழியை யாரும் ஒரு நாளும் சோதிக்கவில்லை. இரண்டு பெண்களும் படித்து முடித்தார்கள்.

இப்போது மருமகனுடைய நண்பர்கள் வந்தால், எந்த மொழி படிக்கலாம் சார் என்று கேட்பார்கள். எதுவும் படியுங்கள், ஆனால் ஒரு வேலை வந்தால் அது நடுவில் நின்றுபோனால் யாருக்கு என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள், தெரியாத மொழி என்றால் தெரியாது என்று சொல்லுங்கள் என்பேன். அவர்கள் தலையாட்டிவிட்டுக் காபியைக் குடிப்பார்கள்.

ஊர் திரும்பி இரண்டு வருடம் கழித்துத் தம்பியின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். மஸ்கட்டில், ரூவியில் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் இருந்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன்.

“எனக்கிட்ட சொல்லி என்ன அண்ணே. எனக்குத்தான் தெரியுமே. அந்த மேஸ்திரியப் போய்ப் பாத்தீங்களா?”

“இல்ல.”

“நான் லீவுக்கு வந்தப்போ ஒருக்கா போனேன். நெதானம் இல்ல, செவுத்தப் பிடிச்சுதான் நடக்காரு. கையி ஆடுது. எந்த மணமும் தெரியலியாம். அவரு என்ன சொல்லுதாரு தெரியுமா? கம்ப்யூட்டர் சாரு பாத்துட்டுத்தான் போவச் சொன்னாரு, அதனால வாயு இருந்திருக்காது, நாந்தான் மாஸ்க்க ஒழுங்கா போடலன்னு சொல்லுதாரு. நான் ஒண்ணும் பேசல. அது நீங்க சொல்ல வேண்டியது.”

ஊர்ப் பெயரும் பஸ் நம்பரும் கொடுத்தார். நான் உடனே போகவில்லை. எட்டு மாதம் ஆனது. கூட்டம் கூட்டிவிடுவார்களோ, கை வைத்துவிடுவார்களோ, போலீஸ் கேஸ் ஆகுமோ என்று ஒவ்வொரு வாரமும் ஒரு பயம். கடைசியில் பஸ் ஏறியபோதும் அந்தப் பயம் எதுவும் குறைந்திருக்கவில்லை.

அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொல்வதற்குள் கண்டுகொண்டு, சுவரைப் பிடித்து எழுந்துவிட்டார். “ஏய், நம்ம கம்ப்யூட்டர் சார் வந்திருக்காரு” என்று உள்ளே குரல் கொடுத்தார். மனைவி வந்து இன்னொரு நாற்காலி போட்டார். உட்காராமல் நின்றபடியே சொன்னேன். நிரல் ஆறு நிமிடம் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும், தெரிந்தும் தலையாட்டினேன், பிறகு பொய் சொன்னேன். மொழி, சிப்பு எல்லாம் அவருக்குச் சொல்லவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். திரும்ப உட்கார்ந்துவிட்ட அவருடைய கைகள் மடியில் ஆடிக்கொண்டே இருந்தன.

ஒன்றுதான் கேட்டார்.

“அப்ப மாஸ்க் சரியாத்தான் போட்டிருந்தேனா சார்?”

“சரியா போட்டிருந்தீங்க. ரெண்டு வாரையும் இழுத்து இறுக்குனீங்க. நான் பாத்தேன்.”

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். “கேட்டியா? சரியாத்தான் போட்டிருந்தேனாம்.”

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒழுங்கா மாட்டாம கெடுத்துக்கிட்டியே, கெடுத்துக்கிட்டியேன்னு இத்தன வருசமா இந்த மனுசன நான் பேசாத பேச்சு இல்ல” என்றார். சத்தம் போடவில்லை. உள்ளே போய்விட்டார். நான் அங்கே இருந்த ஒரு மணி நேரமும் அவர் வெளியே வரவில்லை. மேஸ்திரி, நான் திரும்பிப் போக அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னார்.